புகை எந்த வழியாகப் போகும்? பழைய இங்கிலாந்துப் பண்ணைவீட்டைப் புரிந்துகொள்ள ஓர் எளிய அறிமுகம்

பழைய இங்கிலாந்துப் பண்ணைவீடு என்றதும் மனதில் வருவது காலண்டர் படம்தான். வெள்ளைச் சுவரில் கறுப்புக் கட்டைகள், காதுவரை இழுத்துவிட்ட தொப்பி மாதிரி வைக்கோல் கூரை, வாசலில் ரோஜாக்கொடி. படம் அழகுதான். ஆனால் அந்த வீட்டைக் கட்டியவர்களுக்கு முன்னால் இருந்த கேள்விகள் வேறு. அடுப்புப் புகை எந்த வழியாகப் போகும்? அடிக்கடி மழை பெய்கிற ஊரில் கதிரை எங்கே வைத்து அடிப்பது? தானியத்தை எலியிடமிருந்து எப்படிக் காப்பாற்றுவது? ஒவ்வொரு கேள்விக்கும் கிடைத்த பதில் ஒரு கட்டடமாக நிற்கிறது. கேள்வியைக் கண்டுபிடித்துவிட்டால் கட்டடம் தானாகப் புரிந்துவிடும்.

அந்தக் கறுப்பு வெள்ளையைப் பற்றியும் இப்போதே சொல்லிவிடுகிறேன். கட்டைகளுக்குக் கறுப்புப் பூசுவது பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு விக்டோரியா காலத்து மோகம். அதற்கு முன்னால் ஓக் மரத்தை அப்படியே விட்டுவிடுவார்கள், அது வெயிலிலும் மழையிலும் வெள்ளிச் சாம்பல் நிறமாகிவிடும். இல்லையென்றால் சுவரோடு சேர்த்துக் கட்டைக்கும் சுண்ணாம்பு அடித்துவிடுவார்கள்.

பேலீஃப் என்றொரு வீடு

பொதுவாகப் பேசிக்கொண்டே போனால் எதுவும் மனதில் நிற்காது. ஒரே ஒரு வீட்டைப் பிடித்துக்கொள்வோம். பெயர் பேலீஃப். கென்ட் மாவட்டத்தில் சிடிங்ஸ்டோன் என்ற ஊர்ப்பக்கம் 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. ஒரு பக்கத்தை மட்டும் 1510 வாக்கில் புதிதாக மாற்றிக் கட்டினார்கள். 1960களின் கடைசியில் அந்தப் பள்ளத்தாக்கில் பவ் பீச் நீர்த்தேக்கம் வந்தது. வீடு தண்ணீருக்குள் போவதற்கு முன்னால் அதைக் கட்டை கட்டையாகப் பிரித்து, சஸெக்ஸில் சிங்கிள்டன் கிராமத்தில் இருக்கும் வீல்ட் அண்ட் டவுன்லேண்ட் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய் மறுபடியும் நிறுத்தினார்கள். இப்போதும் போய்ப் பார்க்கலாம்.

ஐந்நூறு வருஷத்துக்கு மேல் நின்ற வீட்டை எப்படிப் பிரித்து மாட்ட முடிந்தது? முதல் தடவையே அதை மாட்டித்தான் கட்டியிருந்தார்கள், அதனால்தான். அந்தக் காலத்துத் தச்சர்கள் ஓக் மரத்தைக் காயவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. பச்சை மரத்திலேயே வேலை. காய்ந்த ஓக் இரும்பு மாதிரி, உளியைத் தின்றுவிடும். வீட்டின் சட்டங்களை முதலில் தரையில் படுக்கவைத்துப் பொருத்திப் பார்ப்பார்கள். சரியாக உட்கார்ந்ததும் ஒவ்வொரு மூட்டிலும் ரோமன் எண்ணைக் கீறுவார்கள். நான்கு என்றால் பெரும்பாலும் நாலு கோடுதான், கடிகார முகப்பில் இருப்பது போல. அப்புறம் எல்லாவற்றையும் கழற்றி, வண்டியில் ஏற்றி, மனையில் கொண்டுபோய் எண்ணைப் பார்த்து மாட்டி நிமிர்த்துவார்கள். இன்றைக்கும் பழைய வீடுகளின் கட்டைகளில் இந்தக் கீறல்களைப் பார்க்கலாம்.

மூட்டில் ஆணி கிடையாது. ஒரு கட்டையின் துளைக்குள் இன்னொரு கட்டையின் கழுந்தைச் செருகி, குறுக்கே மரமுளையை அடிப்பார்கள். இரண்டு கட்டையிலும் முளைக்கான ஓட்டையைக் கொஞ்சம் தள்ளித் தள்ளிப் போடுவது இதில் ஒரு சூட்சுமம். முளை உள்ளே இறங்க இறங்க மூட்டை இறுக்கி இழுத்துக்கொள்ளும். போகப் போக மரம் காய்ந்து, சுருங்கி, முறுக்கிக்கொள்ளும். வீடு கோணலாகும், ஆனால் விழாது. அந்த வீடுகளில் நேர்க்கோடு என்று ஒன்றைத் தேடினால் கிடைக்காது.

சட்டத்துக்கு நடுவே இருக்கும் சுவர் எந்தப் பாரத்தையும் தாங்குவதில்லை. ஓக் குச்சிகளை நட்டு, ஹேஸல் மிலாறுகளை வரிச்சாகப் பின்னி, சேறும் சாணமும் நறுக்கிய வைக்கோலும் குழைத்து இரண்டு பக்கமும் அப்பி, மேலே சுண்ணாம்பு அடித்த தட்டி அது. கெட்டுப்போனால் உரித்துவிட்டு மறுபடி அப்பலாம், வீட்டுக்கு ஒன்றும் ஆகாது. பிற்காலத்தில் பலர் இந்தத் தட்டியை எடுத்துவிட்டுச் செங்கல்லை அடைத்தார்கள். சட்டங்களுக்கு நடுவே செங்கல் தெரியும் வீட்டைப் பார்த்தால் அங்கே முதலில் மண் இருந்திருக்க வாய்ப்பு அதிகம்.

நடுவில் ஹால், இரண்டு பக்கமும் மற்றவை

பேலீஃபின் உள்ளமைப்பு மூன்று துண்டுகள். நடுவில் பெரிய கூடம். அதை ஹால் என்பார்கள். இந்த ஹாலுக்கு மச்சு கிடையாது. தரையில் நின்று அண்ணாந்தால் கூரையின் உட்பக்கம் தெரியும். இரண்டு பக்கமும் மாடியோடு கூடிய பகுதிகள். அந்த மாடிகள் முன்பக்கம் சற்றே வெளியே துருத்திக்கொண்டிருக்கும், நடுவில் ஹால் மட்டும் உள்வாங்கியிருக்கும், மேலே ஒரே நீளக் கூரை. கென்ட், சஸெக்ஸ் பக்கத்தில் இந்த ஜாடை வீடுகள் நிறைய. வீல்டன் வீடு என்று பெயர்.

ஹாலுக்கு ஒரு மேல்முனையும் ஒரு கீழ்முனையும் உண்டு. மேல்முனையில் வீட்டுக்காரரின் மேசை, அதற்குப் பின்னால் குடும்பத்துக்கான தனியறை, அதன்மேல் நல்ல படுக்கையறை. கீழ்முனையில் முன்வாசலும் பின்வாசலும் எதிரெதிரே இருக்க, நடுவே ஒரு நடைபாதை. அதைத் தாண்டினால் பக்கத்தில் பக்கமாக இரண்டு சிறு அறைகள். ஒன்று பட்டரி, இன்னொன்று பேன்ட்ரி. பட்டரி என்றால் வெண்ணெய் அறை என்று நினைக்கத் தோன்றும். இல்லை, பீர் பீப்பாய்க்கு பட் என்று பெயர், அது இருக்கும் இடம் பட்டரி. பேன்ட்ரி என்பது ரொட்டியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. ஒரு அறையில் குடிக்க, ஒரு அறையில் கடிக்க.

வந்தவர் யார், எந்த முனைவரை போகலாம் என்பதை வீடே சொல்லிவிடும். வேலையாள் நடைபாதையோடு நின்றுவிடுவார், விருந்தாளி மேல்முனைக்கு நடப்பார்.

ஜன்னலில் கண்ணாடி இல்லை. செங்குத்தான ஓக் கம்பிகள், உள்ளே மரக்கதவு. குளிர் வந்தால் கதவை மூடவேண்டும், மூடினால் வெளிச்சமும் போய்விடும். கண்ணாடி அப்போது பணக்காரர் சமாசாரம்.

புகையின் கதை

என்னைக் கேட்டால், ஹாலில் பார்க்கவேண்டிய முக்கியமான விஷயம் அங்கே இல்லாத ஒன்று. புகைபோக்கி. அடுப்பு ஹாலின் தரையில், சுவரை ஒட்டாமல் எரிந்துகொண்டிருக்கும். புகை மேலே எழும்பி, கூரைக்கடியில் மேகம் மாதிரி தங்கி, இடுக்கு வழியாகவும் கூரையின் நுனியில் விட்ட சிறு திறப்பு வழியாகவும் மெல்ல வெளியேறும். ஹாலுக்கு மச்சு போடாமல் விட்டதன் காரணம் இதுதான். மச்சு போட்டால் புகை தலைக்குமேல் தங்க இடமில்லாமல் கண்ணுக்கு இறங்கிவிடும்.

அந்தப் புகையால் லாபமும் இருந்தது. மேலே தொங்கவிட்ட பன்றியிறைச்சி பதமாகும், கூரையில் பூச்சி அண்டாது. நமக்கு இன்னொரு லாபம், அது தடயத்தை விட்டுப்போயிருக்கிறது. பழைய வீட்டின் பரணில் ஏறிப் பார்க்கும்போது கைமரங்களில் கரி படிந்து கறுத்திருந்தால், அந்த வீட்டில் ஒரு காலத்தில் புகைபோக்கி இல்லாத ஹால் இருந்திருக்கிறது என்று நிபுணர்கள் முடிவுகட்டுகிறார்கள். வெளியே பார்த்தால் 18ஆம் நூற்றாண்டுச் செங்கல் முகப்பு, பரணில் ஏறினால் 15ஆம் நூற்றாண்டுக் கரி. இந்த வேடிக்கை இங்கிலாந்தில் அடிக்கடி நடக்கும்.

டெவன் பக்கத்தில் இதைவிடச் சுவையான சமாசாரம் உண்டு. அங்கே கூரை வேய்பவர்கள் பழைய வைக்கோலை முழுவதும் உரிப்பதில்லை, மேல்தட்டை மட்டும் எடுத்துவிட்டுப் புதிதாக வேய்வார்கள். அதனால் சில வீடுகளில் அடித்தட்டு வைக்கோல் ஆதியில் போட்டதே. புகை படிந்து கறுத்து, உளுக்காமல் கிடக்கிறது. அதைப் பிரித்து ஆராய்ந்தவர்கள், இடைக்காலத்தில் அந்த வயல்களில் என்ன கோதுமை விளைந்தது, என்ன களை முளைத்தது என்று சொல்கிறார்கள். கூரையே விதைக் களஞ்சியமாகிவிட்டது.

சரி, புகைபோக்கி எப்போது வந்தது? கோட்டைகளிலும் மடங்களிலும் எப்போதோ வந்துவிட்டது. குடியானவர் வீட்டுக்கு அது பெருவாரியாக வந்து சேர்ந்தது 16ஆம் நூற்றாண்டில்தான். எஸ்ஸெக்ஸில் பாதிரியாராக இருந்த வில்லியம் ஹாரிசன் 1577இல் தம் நாட்டைப் பற்றி எழுதியபோது, ஊர்ப் பெரியவர்கள் தங்கள் ஞாபகத்தில் தலைகீழாக மாறிப்போனவை என்று மூன்றைச் சொல்வதாகக் குறிப்பிட்டார். அதில் ஒன்று, எங்கே பார்த்தாலும் முளைத்திருக்கும் புகைபோக்கிகள்.

புகை குழாய் வழியாகப் போக ஆரம்பித்ததும் ஹாலுக்கு உயரம் தேவையில்லாமல் போனது. குறுக்கே உத்தரம் போட்டு மச்சு அமைத்தார்கள், மேலே ஓர் அறை சும்மா கிடைத்தது. ஒரே புகைபோக்கியின் இரண்டு முதுகிலும் அடுப்பு வைத்தால் இரண்டு அறைக்குச் சூடு. அதனால் பல வீடுகளில் புகைபோக்கியை நட்ட நடுவில் கொண்டுவந்தார்கள். அப்படிப்பட்ட வீட்டில் முன்கதவைத் திறந்தால் எதிரே செங்கல் சுவர்தான் நிற்கும், இடமோ வலமோ திரும்பித்தான் உள்ளே போகவேண்டும். இது தெரிந்துவிட்டால் தெருவில் நின்றே ஊகிக்கலாம். கூரை நடுவில் தடித்த புகைபோக்கி, அதற்கு நேர் கீழே முன்வாசல் என்றால் உள்ளமைப்பு இதுதான். 1570 முதல் 1640 வரை நாடெங்கும் வீடுகளை இப்படிப் புதுப்பித்துக் கட்டினார்கள் என்று 1953இல் டபிள்யூ. ஜி. ஹோஸ்கின்ஸ் என்ற வரலாற்றாசிரியர் எழுதினார். எல்லா வட்டாரத்துக்கும் அந்த வருஷக்கணக்கு ஒத்துவராது என்று பின்னால் வந்தவர்கள் திருத்தினாலும், மாற்றம் பெரியது என்பதில் சண்டையில்லை.

புது அடுப்பு, ஆள் உள்ளே போய் உட்காரும் அளவு அகலம். பக்கச் சுவரில் ரொட்டி சுடும் அடுப்பின் வாய். மேலே குறுக்கே ஒரு பெரிய உத்தரம். அந்த உத்தரத்தில் காம்பஸால் போட்ட பூ வட்டங்களும் மெழுகுத் திரியால் சுட்ட தழும்புகளும் பல வீடுகளில் உண்டு. புகைபோக்கி எப்போதும் திறந்தே கிடக்கும் வாசல் அல்லவா, அந்த வழியாகக் கெட்டது எதுவும் இறங்கிவிடக் கூடாது என்ற பயம்தான் காரணம் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். புகைபோக்கி இடுக்கில் தேய்ந்துபோன ஒற்றைச் செருப்பை ஒளித்துவைக்கும் வழக்கமும் இருந்தது. இப்படிக் கிடைத்த செருப்புகளுக்கென்றே நார்தாம்டன் அருங்காட்சியகம் ஒரு பதிவேடு வைத்திருக்கிறது.

ஊருக்கு ஊர் வேறு உடம்பு

இதுவரை சொன்னது தென்கிழக்கு மூலையின் கதை. வண்டிமாட்டால் எவ்வளவு தூரம் இழுக்க முடியுமோ அவ்வளவு தூரத்துக்குள் கிடைத்ததைத்தான் மற்ற இடங்களிலும் வைத்துக் கட்டினார்கள். காட்ஸ்வோல்ட்ஸில் தேன்நிறச் சுண்ணாம்புக்கல், டெவனில் வைக்கோல் கலந்த தடித்த மண்சுவர், சஸெக்ஸ் குன்றுகளில் சக்கிமுக்கிக் கல், கம்ப்ரியாவில் ஸ்லேட். மேற்கிலும் வடக்கிலும் வளைந்த ஒரே மரத்தை இரண்டாகப் பிளந்து, இரண்டு பாதியையும் எதிரெதிரே சாய்த்து நுனியில் சேர்த்து, தரையிலிருந்து முகடுவரை கவை மாதிரி நிறுத்திய வீடுகள் உண்டு. கிழக்கில் அந்த முறையைக் காண்பது அரிது.

டார்ட்மூர் மேட்டுநிலத்தின் நீளவீட்டைச் சொல்லாமல் விட மனமில்லை. கருங்கல் வீடு, சரிவோடு சரிவாக நீளவாக்கில் நிற்கும். மேட்டுப்பக்கம் மனிதர்கள், பள்ளத்துப்பக்கம் மாடுகள், நடுவில் இருவருக்கும் பொதுவான நடைபாதை, ஒரே கூரை. பள்ளத்துப்பக்கம் ஏன் மாட்டுக்கு என்றால், மூத்திரம் கீழ்நோக்கித்தானே ஓடும். தொழுவத்தின் நடுவே வாய்க்கால் வெட்டி, கடைசிச் சுவரில் ஓட்டை விட்டிருப்பார்கள்.

பால் அறையைப் பற்றி ஒரு சின்ன விஷயம். குளிர்ச்சிக்காக அதை வீட்டின் வடக்குப் பக்கம் வைப்பார்கள், தரையில் கல், ஜன்னலில் கண்ணாடிக்குப் பதில் மரச் சட்டங்கள். 1696 முதல் 1851 வரை இங்கிலாந்தில் ஜன்னலுக்கு வரி இருந்தது. பால் அறைக்கும் சீஸ் அறைக்கும் விலக்கு உண்டு, ஆனால் இது பால் அறை என்று எழுதிவைத்திருக்கவேண்டும். இன்றைக்குப் படிப்பறையாகிவிட்ட சில அறைகளின் வாசலில் அந்தப் பழைய எழுத்து இன்னமும் இருக்கிறது.

இனி முற்றத்துக்கு வருவோம்

பண்ணையில் பெரிய கட்டடம் பெரும்பாலும் வீடாக இருக்காது. பார்ன்தான் பெரிது. தமிழில் அதற்கு நேர்ச்சொல் கிடையாது. களஞ்சியம் என்றால் தானியம் மட்டும் என்றாகிவிடும். பார்ன் என்பது கதிர்க்கட்டுகளைக் கூரைவரை அடுக்கி, அங்கேயே அடித்து, அங்கேயே தூற்றும் இடம். களத்துமேட்டையும் போரையும் ஒரே கூரைக்குள் கொண்டுவந்தது போல.

மழைக்கு நடுவே அறுவடை செய்கிறவர்கள் கதிரை முதலில் உள்ளே சேர்த்துவிடுவார்கள். அடிப்பது குளிர்காலம் முழுவதும் நடக்கும் வேலை. கட்டடத்தின் நடுவில் எதிரெதிரே இரண்டு பெரிய கதவுகள். ஒரு பக்கக் கதவு கதிர் ஏற்றிய வண்டி நுழையும் உயரத்துக்கு இருக்கும், எதிர்ப்பக்கத்தில் காலி வண்டி வெளியேறினால் போதும் என்பதால் பல இடங்களில் சின்னக் கதவு. இரண்டு கதவுக்கும் நடுவில் இருக்கும் தரைதான் களம். ஓக் பலகையோ இறுகத் திமிசடித்த மண்ணோ போட்டிருப்பார்கள். நீளக் கம்பின் நுனியில் தோல்வாரால் கட்டிய குட்டைக் கம்பைச் சுழற்றிக் கதிரை அடிப்பார்கள். அப்புறம் இரண்டு கதவையும் திறந்துவிட்டால் காற்று நேராகப் பாயும். அந்தக் காற்றில் தூற்றினால் பதர் பறந்துவிடும், மணி கீழே விழும். கதவுகள் எதிரெதிரே இருப்பதற்கு வண்டி பாதி காரணம், காற்று மீதிக் காரணம்.

கதவின் அடியில் பலகை ஒன்றைச் செருகிவைப்பார்கள், தானியம் வெளியே சிதறாமலும் கோழியும் பன்றியும் உள்ளே வராமலும் இருக்க. வாசற்படியைக் குறிக்கும் த்ரெஷோல்டு என்ற ஆங்கிலச் சொல் இந்தப் பலகையிலிருந்து வந்தது என்று வழிகாட்டிகள் ஆசையாகச் சொல்வதுண்டு. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அது கட்டுக்கதை.

இன்னொரு கட்டுக்கதை, பழைய பார்ன் எல்லாம் கப்பல் கட்டைகளால் கட்டியவை என்பது. கட்டைகளில் காலித் துளைகளைப் பார்த்துவிட்டு அப்படிச் சொல்கிறார்கள். பழைய வீட்டையோ பழைய பார்னையோ பிரித்த மரத்தை மறுபடி பயன்படுத்தியிருப்பார்கள், அவ்வளவுதான். கடலிலிருந்து நூறு மைல் தள்ளி இருக்கும் பார்னுக்கும் இந்தக் கதையைச் சொல்கிறார்கள் என்பதிலிருந்தே விஷயம் தெரியவேண்டாமா?

பார்ன் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்று தெரிய இரண்டு இடங்களைச் சொல்கிறேன். எஸ்ஸெக்ஸில் க்ரெஸிங் டெம்பிளில் டெம்ப்ளர் வீரத்துறவிகளின் பண்ணையில் கட்டிய பார்லி பார்னும் கோதுமை பார்னும் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை, இன்னும் நிற்கின்றன. ஹீத்ரோ விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஹார்மண்ட்ஸ்வொர்த்தில் இருக்கும் பார்ன் 1426இல் வின்செஸ்டர் கல்லூரிக்காகக் கட்டியது, நீளம் 192 அடி. உள்ளே இரண்டு வரிசைத் தூண்கள், நடுவே அகலமான வழி, இரண்டு பக்கமும் தாழ்வாரம். மாதாகோவிலுக்குள் நிற்பது போலிருக்கும். இதை மிடில்செக்ஸின் பேராலயம் என்று கவிஞர் ஜான் பெட்ஜமன் சொன்னது அதனால்தான்.

முகட்டுக்குக் கீழே பக்கச் சுவரின் உச்சியில் சில பார்ன்களில் ஒரு ஓட்டை இருக்கும். ஆந்தை வந்துபோகும் வாசல் அது. எலி பிடிக்கச் சம்பளமில்லாத ஆள்.

அடித்த தானியத்துக்குத் தனி வீடு. காளான் மாதிரி கற்களை நட்டு, அதன்மேல் மரக் கிடங்கை நிறுத்துவார்கள். கல்லின் தண்டில் ஏறும் எலி, குடை மாதிரி விரிந்த தலைக்கல்லின் அடிப்பக்கம் வந்ததும் தலைகீழாக நடக்க முடியாமல் திரும்பிவிடும். ஏறும் படிக்கட்டும் கிடங்கைத் தொடாமல் கொஞ்சம் தள்ளி நிற்கும், இல்லையென்றால் எலி படியேறி வந்துவிடுமே. அந்தக் காளான் கல்லுக்கு ஸ்டேடில் கல் என்று பெயர்.

மற்றவற்றை வேகமாகப் பார்த்துவிடலாம். வண்டிக் கொட்டகை முன்புறம் திறந்திருக்கும், பெரும்பாலும் முற்றத்தைப் பார்க்காமல் வெளிவழியைப் பார்த்து நிற்கும், மாடு வந்து முட்டாமல் இருக்க. குதிரை லாயம் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும், கட்டுமானமும் ஒரு படி உசத்தி, மேலே பரணில் புல். மாட்டுக் கொட்டில் தெற்கு வெயிலைப் பார்த்துத் திறந்திருக்கும், வடக்கே உயரமான பார்ன் நின்று வாடைக்காற்றைத் தடுக்கும். நடுவே இருக்கும் முற்றம் பார்ப்பதற்கு வெற்றிடம், ஆனால் அது எருக்குழி. கதிரடித்த வைக்கோலை அங்கே பரப்புவார்கள், குளிர்காலம் முழுக்க மாடு மிதித்து, சாணி போட்டு, வசந்தத்தில் வயலுக்குப் போகும். பார்ன், கொட்டில், வயல் எல்லாம் இந்த வைக்கோல் வழியாகத்தான் ஒன்றோடொன்று கட்டுண்டிருந்தன. கென்ட்டில், பீருக்குக் கசப்பு கொடுக்கும் ஹாப்ஸ் பூவைக் காயவைக்கும் சூளைகளும் உண்டு. ஓஸ்ட் என்று பெயர். கூம்புக் கூரையின் உச்சியில் காற்றடிக்கும் பக்கம் முதுகைத் திருப்பிக்கொள்ளும் வெள்ளை முக்காடு.

இந்த ஏற்பாட்டைக் குலைத்தது ஒரு இயந்திரம். ஸ்காட்லாந்தின் ஆண்ட்ரூ மெய்க்கில் 1786இல் கதிரடிக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். வடக்கு இங்கிலாந்தில் பார்னின் முதுகில் வட்டமாகவோ பலகோணமாகவோ ஒட்டிக்கொண்டிருக்கும் கொட்டகையைப் பார்த்தால், குதிரை சுற்றிச் சுற்றி வந்து அந்த இயந்திரத்தை ஓட்டிய இடம் அது. தெற்கில் கூலி மலிவு, குளிர்காலத்தில் கதிரடிப்புதான் பலருக்குச் சோறு. 1830 ஆகஸ்டில் கிழக்குக் கென்ட்டில் தொழிலாளர்கள் இயந்திரங்களை உடைக்கத் தொடங்கினார்கள். அது ஸ்விங் கலகம் என்று பல மாவட்டங்களுக்குப் பரவியது. இயந்திரத்தைக் கொஞ்ச காலம் நிறுத்திவைக்க முடிந்தது. பிறகு நீராவி வந்தது, பார்னுக்குள் அடிக்கவேண்டிய கட்டாயமே போய்விட்டது.

இன்றைய டிராக்டருக்கு அந்தக் கதவுகள் சின்னவை. எனவே பார்ன்களில் பல குடியிருப்பாக மாறிவிட்டன. வீடு சட்டப் பாதுகாப்புப் பட்டியலில் இருந்தால், அதன் வளாகத்தில் 1948 ஜூலை 1க்கு முன்பிருந்தே நிற்கும் துணைக் கட்டடங்களும் பொதுவாக அந்தப் பாதுகாப்புக்குள் வந்துவிடும், நினைத்தபடி இடித்துக் கட்ட முடியாது. ஸ்டேடில் கற்கள் கிடங்கை இழந்து, பணக்கார வீடுகளின் வாசல் புல்வெளியில் அலங்காரமாக நிற்கின்றன. பார்னின் பெரிய கதவு இருந்த இடத்தில் தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி போடுகிறார்கள். பதர் தூற்றக் காற்றை உள்ளே விட்ட அதே வாசலில், காற்று துளிக்கூட நுழையாமலிருக்க இரட்டைக் கண்ணாடி.